தவமணி அட்டவணை

இல்ல தம்பி, எட்டிப் பாக்கல. நீங்க போனை அப்படித் திருப்பிப் பிடிச்சா பக்கத்து சீட்டுக்காரன் கண்ணு அங்கதான் போகும். ‘கயல்’தான பாக்குறீங்க, அந்தத் தீர்ப்புத் தேடுற ஆப்பு? மேல நீலமா மீன் படம் போட்டிருக்கே, அதை வச்சுச் சொல்றேன். மடியில கருப்புக் கோட்டு இருக்கு. ஐகோர்ட் கிளைக்குத்தான் போறீங்க. நானும் அங்கிட்டுத்தான். பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒத்தக்கடை போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆயிரும், கோரிப்பாளையத்துல நின்னா அதுக்கு மேலயும் ஆகும். பேசிக்கிட்டே போவோம்.

கொஞ்சம் கீழ தள்ளுங்க. தீர்ப்புக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல ‘திரட்டு’ன்னு போட்டு ரெண்டு பக்க எண் இருக்கும். இருக்கா? அந்தத் திரட்டு என்னுது. தென்மாவட்டத் தீர்ப்புத் திரட்டு. சிவப்பு அட்டை. ஆசிரியர், பதிப்பாளர், கட்டுத் தூக்குறவன் எல்லாம் நான்தான். தவமணி. உங்க சீனியர் அலமாரியில கண்டிப்பா இருக்கும். இல்லையா? எடுத்துட்டாரா? சரி விடுங்க, அவருக்கு இடம் பத்தாம இருந்திருக்கும்.

நான் வக்கீலுக்குப் படிச்சவன் இல்ல, அதை மறைக்க மாட்டேன். சிவகங்கையில கிருபாகரன் ஐயாகிட்ட பதினாறு வருசம் குமாஸ்தா. அவரு பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வாடகை வழக்குன்னா அந்தப் பக்கம் அவருதான். ஐகோர்ட் கிளை மதுரைக்கு வந்த மறு வருசம் அவருதான் சொன்னாரு, ‘தவமணி, இங்க தீர்ப்பு இம்புட்டு வருது, நம்மூரு வக்கீலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, நீ ஒரு புத்தகம் போடு’ன்னு. சென்னைக்காரன் புத்தகத்துல ஒரு தீர்ப்பு வரணும்னா மூணு மாசம் ஆகும். நான் இருபதாவது நாள்ல கொண்டாந்தேன். ராம்நாடு, விருதுநகர், தூத்துக்குடின்னு ஆயிரத்து எண்ணூறு சந்தா. முதல் சந்தா கிருபாகரன் ஐயா.

இந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. தீர்ப்பு கோர்ட்டோடது. அதை எவன் வேணா அச்சடிக்கலாம். நமக்கு மட்டும் சொந்தம்னு எதுவும் இல்ல. ஆனா ஒரு வக்கீல் எந்திரிச்சு, ‘திரட்டு, இந்த வருசம், இத்தனாவது பக்கம்’னு சொல்லி, ஜட்ஜ் ஐயாவும் அலமாரியில இருந்து அதே புத்தகத்தை எடுத்துப் புரட்டிட்டாருன்னு வைங்க, முடிஞ்சது. அப்புறம் அத்தனை பேரும் அதே புத்தகத்தை வாங்கித்தான் ஆகணும். வேற எவன் எம்புட்டு நல்லாப் போட்டாலும் அவன் பக்க எண்ணைச் சொன்னா ஜட்ஜ் ஐயாகிட்ட அந்தப் புத்தகம் இருக்காது. என் சோறே அந்தப் பக்க எண்ணுல இருந்துச்சு.

அதுக்காகவே கோர்ட் ஹால்ல கடைசி பெஞ்சுல போய் உக்காருவேன். வேலை ஒண்ணும் கிடையாது. யாராவது ‘திரட்டு’ன்னு சொல்லுவாகளான்னு காத்துக்கிட்டு இருப்பேன். கோயில்ல நம்ம பேரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்றப்ப ஒரு சொகம் இருக்குல்ல, அப்படி இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. ராத்திரிச் சோறு தன்னால இறங்கும்.

இப்ப அந்தப் புள்ளைகிட்ட வாரேன். அங்கயற்கண்ணி. கிருபாகரன் ஐயாகிட்ட ஜூனியரா வந்தவ. வந்த அன்னைக்கே அவரு, ‘இந்தப் பொண்ணுக்குத் தலை இருக்குடா தவமணி’ன்னாரு. பதினாறு வருசம் கட்டுத் தூக்குன என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல. போகட்டும். சில தீர்ப்பு நாப்பது பக்கம் இருக்கும், அதோட சாரத்தை மேல நாலு வரியில எழுதணும். ஹெட்நோட். உங்களுக்குத் தெரியாததா. அதை எனக்கு அவ எழுதிக் குடுத்தா, ஒன்பது வருசம். நல்லாத்தான் எழுதுவா, பொய் சொல்லக் கூடாது. ஆனா நல்லா எழுதுறதுக்கு அங்க என்ன இருக்கு? தீர்ப்புல இருக்கிறதைத்தான எழுதுறா?

ஒரு தடவை கேட்டா, ‘சார், உள்ள எங்கயாவது சின்னதா ஹெட்நோட் எழுதுறது யாருன்னு போடலாமா’ன்னு. நான் சிரிச்சுக்கிட்டே, ‘ஏம்மா, அட்டையில எடம் எங்க இருக்கு’ன்னேன். அவ அட்டையைக் கேக்கல, உள்ளதான் கேட்டான்னு என் வீட்டுக்காரி இந்திராணி இன்னைக்கும் சொல்லுவா. பொம்பளைக்குப் பொம்பளை சப்போர்ட்டு.

அப்புறம் ஒரு நாள் வந்து, ‘இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் சார்’னு சொன்னா. கல்யாணம் ஏதும் ஆகுதோன்னு நெனைச்சேன். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா கயல். தன் பேருல இருக்கிற கயலையே வச்சுக்கிட்டா பாருங்க. ஒரு பேரு சின்னதாக் கேட்டவ, ஊரு பூராத் தன் பேரைச் சொல்ல வச்சுட்டா.

நான் இருபது நாள் கணக்குச் சொன்னேன்ல? அவ அன்னைக்குச் சாயங்காலமே போட்டுட்டா. நம்ம புத்தகத்துல ஒரு வழக்கைத் தேடணும்னா பின்னாடி பொருளடக்கம் பார்த்து, நாலு வருசத்துப் புத்தகத்தை எறக்கி, தும்மிக்கிட்டே பார்க்கணும். அதுல ‘கடை வாடகை, சாவி ஒப்படைப்பு’ன்னு தட்டினா முப்பது தீர்ப்பு வந்து விழுது. தீர்ப்பு இனாம், ஹெட்நோட்டுக்கு மட்டும் சந்தா. என் ஆளுக ஒவ்வொருத்தனா, ‘அண்ணே, இந்த வருசம் வேணாம்ணே’ன்னாய்ங்க. முகத்தைப் பார்த்துச் சொல்லல, போன்ல சொன்னாய்ங்க.

வயிறு எரிஞ்சுச்சு. ஆமா, எரிஞ்சுச்சுன்னுதான் சொல்றேன், வேற என்ன சொல்ல? வராண்டாவுல நடந்தா, ‘கயல்ல பாத்தீங்களா’, ‘கயல்ல வந்துருச்சே’ன்னு காதுல விழும். டீக்கடையில அவ பேரு, நூலகத்துல அவ பேரு. என் இருபது வருச வேலையை ஒரு புள்ள வீட்டு மாடியில ரெண்டு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு...

கோரிப்பாளையம். சொன்னேன்ல, நின்னுருச்சு பாருங்க.

ஆனா தம்பி, அவளுக்கும் ஒரு முடிச்சு இருந்துச்சு. அதுல எனக்கு ரொம்பச் சந்தோசம். கயல்ல வழக்கைக் கண்டுபிடிச்சுருவாய்ங்க, கோர்ட்ல எந்திரிச்சு நிப்பாய்ங்க. ஜட்ஜ் ஐயா கேப்பாரு, ‘எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?’ போன்ல பக்கம் ஏது? முழிப்பாய்ங்க. மறுபடி நூலகத்துக்கு ஓடி, திரட்டை எடுத்து, பக்கம் பார்த்துட்டு வருவாய்ங்க. தேடறது அவகிட்ட, கோர்ட்ல சொல்றது என் பக்கத்தை. அதனால சந்தா குறைஞ்சாலும் சாகல.

அதைச் சரிபண்ணத்தான் அவ என் வீட்டுக்கு வந்தா. மாதுளம்பழம் வாங்கிட்டு வந்திருந்தா. ‘சார், ஒவ்வொரு தீர்ப்புக்குப் பக்கத்துலயும் உங்க திரட்டுப் பக்கத்தைப் போட்டுக்கிறேன். உங்க புத்தகப் பேரும் இருக்கும். பார்க்கிறவங்க புத்தகத்தையும் தேடுவாங்க, ரெண்டு பேருக்கும் நல்லது’ன்னா. வெறும் எண்ணுக்கு யாருக்கும் உரிமை கிடையாதுன்னு சில பேரு சொல்றாங்களாம், ஆனாலும் என்னைக் கேக்காமப் போட மாட்டாளாம். நான் முடியாதுன்னுட்டேன். என் பக்கத்தையும் குடுத்துட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு? அவ போனதும் இந்திராணி மாதுளையை உரிச்சுக் கொண்டாந்தா. நான் தொடல. அம்புட்டையும் அவளே தின்னா.

ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்குறேன், கயல்ல என் பக்கம் இருக்கு. மேலுக்கு நெருப்புப் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. போன் போட்டு ஏசுனேன். என்னென்ன சொன்னேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது. அவ பொறுமையாக் கேட்டுட்டு, ‘நான் போடல சார். குறிப்பு எழுத ஒரு கட்டம் வச்சிருக்கேன். உங்க புத்தகம் வச்சிருக்கிற வக்கீலுங்க அதுல எழுதி வைக்கிறாங்க’ன்னா. எப்படி இருக்கு பாருங்க கதை. காசு குடுத்து என் புத்தகத்தை வாங்கினவனே, உக்காந்து என் பக்கத்தை அவளுக்கு எடுத்துக் குடுக்கிறான். அது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு.

நம்ம வழக்கம் என்னன்னா, மாசாமாசம் ஒரு புத்தகம் வரும். ஜனவரியில ஒண்ணாம் பக்கம், டிசம்பர்ல ரெண்டாயிரத்து நூறுல முடியும். வருசக் கடைசியில அதையே மறுபடி அச்சடிச்சு, ஒரே பைண்டாக் கட்டி விப்போம். வக்கீலுக மாசப் புத்தகத்தை வச்சிருப்பாக. ஜட்ஜ் ஐயாக்கள் அலமாரியில பைண்டு இருக்கும். ரெண்டுலயும் பக்கம் ஒண்ணு. மாசப் புத்தகத்துல நானூத்திப் பன்னெண்டுன்னா பைண்டுலயும் அதே நானூத்திப் பன்னெண்டு.

போன வருச பைண்டுல வரிசையையே மாத்திட்டேன். தேதிவாரியா இருந்ததைப் பொருள்வாரியா அடுக்குனேன். வாடகை எல்லாம் ஒரு இடத்துல, பாகப்பிரிவினை எல்லாம் ஒரு இடத்துல, நில எடுப்பு ஒரு இடத்துல. எல்லாப் பக்க எண்ணும் மாறிப்போச்சு. கயல்ல இருக்கிறது பூராம் மாசப் புத்தகத்துப் பக்கம்தான? அதைப் பார்த்து எவனாவது கோர்ட்ல சொன்னா, ஜட்ஜ் ஐயா பைண்டைப் புரட்டுவாரு, வேற வழக்கு இருக்கும். கயலை நம்பினா மானம் போயிரும்னு ஊருக்குத் தெரிஞ்சுரும். முன்னுரையில ‘வாசகர் வசதிக்காகப் பொருள்வாரியாக’ன்னு போட்டேன். அழகா இருந்துச்சு.

அச்சகத்து ஃபோர்மேன் சாகுல், சின்ன வயசுல இருந்து எனக்குப் பழக்கம், தாளைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாரு: “அண்ணே, மாசப் புத்தகமும் உங்க புத்தகம்தான?”

நம்ம ஆளுக பைண்டையும் வாங்கிப் பார்த்துப்பாக, நீ மெசினை ஓட்டுன்னேன். அவரு என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு ஓட்டுனாரு. கயலை விட்டுட்டு எல்லாரும் என்கிட்டத் திரும்பி வருவாகன்னு நான் கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி. நெனைப்புலதான்.

பைண்டு போன மூணாவது வாரம். கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன். கிருபாகரன் ஐயா எந்திரிச்சாரு. எழுபத்தி நாலு வயசு, இப்பெல்லாம் அபூர்வமாத்தான் வருவாரு. சிவகங்கை பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு டீக்கடை. முப்பது வருசமா வாடகை குடுத்து நடத்துற மனுசன். காலி பண்ணச் சொல்லி கீழ்க்கோர்ட்டு உத்தரவு. அதுக்குத் தடை வாங்க வந்திருந்தாரு. ஐயாவுக்கு போன்ல பார்க்கத் தெரியாது. நம்ம மாசப் புத்தகத்துலதான் பார்ப்பாரு, ஓரத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருப்பாரு. கணீர்னு சொன்னாரு, ‘திரட்டு, போன வருசம், பக்கம் நானூத்திப் பன்னெண்டு’. எனக்கு அந்த ஒரு நொடி வழக்கம்போலச் சொகமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் பைண்டுல அந்தப் பக்கத்துல வேற வழக்குல்ல இருக்குன்னு நெனைப்பு வந்துச்சு.

ஜட்ஜ் ஐயா பைண்டைப் புரட்டினாரு. படிச்சாரு. மரியாதையாத்தான் கேட்டாரு, இதுல குடியிருக்கிறவரு உடனே காலி பண்ணணும்னு இருக்கே, நீங்க உங்க கட்சிக்காரருக்கு எதிராப் பேசுறீங்களான்னு. ஹால்ல சிரிச்சாய்ங்க. சின்னச் சின்னப் பசங்க சிரிச்சாய்ங்க. ஐயா தன் கையில இருந்த புத்தகத்தைப் பார்க்குறாரு, மேல பார்க்குறாரு. டீக்கடைக்காரரு எனக்கு ரெண்டு ஆளு தள்ளி உக்காந்திருந்தாரு. அவருக்கு ஒண்ணும் புரியல. ‘என்ன சார், என்ன சொல்றாங்க’ன்னு என்கிட்டக் கேக்குறாரு.

முன் வரிசையில இருந்து அங்கயற்கண்ணி எந்திரிச்சா. வழக்கு எண்ணையும் தேதியையும் ஐயா காதுல சொன்னா. ஐயா அதைச் சொன்னாரு, ஜட்ஜ் ஐயா தன் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தாரு, சரியான தீர்ப்பு வந்துருச்சு. தடை கிடைச்சுருச்சு. கடை தப்பிச்சது. அப்புறம் ஜட்ஜ் ஐயா, ஏன் இந்தப் பக்கக் குழப்பம்னு கேட்டாரு. ஐயா ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. அவருக்கு விளங்கிருச்சு. திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாரு. நான் இருப்பேன்னு அவருக்குத் தெரியும்.

“என் தப்பு, மை லார்ட். கண்ணாடி மாத்தணும்.”

அம்புட்டுத்தான் சொன்னாரு. வெளிய வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, யாரைக் குழப்பறதுக்குடா இதைச் செஞ்சன்னு கேட்டாரு. நான் வாசகர் வசதின்னேன். அவரு அந்தப் புள்ள கையைப் பிடிச்சுக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டாரு. என் கையைப் பிடிச்சு எறங்குன மனுசன் தம்பி. பதினாறு வருசம். அவ கையைப் பிடிச்சாரு.

அதுக்கப்புறம் ஹால்ல ‘திரட்டு’ன்னு எவனும் வாயைத் திறக்கல. சொன்னா மாசப் பக்கமா, பைண்டுப் பக்கமான்னு கேள்வி வரும். நமக்கெதுக்கு வம்புன்னு வழக்கு எண், தேதின்னு சொல்ல ஆரம்பிச்சாய்ங்க. நான் காலையில பத்தரைக்குப் போய் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பேன். ஒரு தடவை கூட வராது. ஒரு தடவை கூட. எல்லாம் அவளால.

என்ன தம்பி சிரிக்கிறீங்க? அவ அந்தக் கட்டத்தை வைக்கலன்னா நான் வரிசையை மாத்தியிருப்பேனா?

ரெண்டு மாசம் இருக்கும். வீட்டுக்கு அவகிட்ட இருந்து ஒரு கவர் வந்துச்சு. உள்ள முப்பத்தெட்டுத் தாளு. போன வருசத்து வழக்கு அறுநூத்திப் பதினேழு. ஒவ்வொண்ணுக்கும் நேரா மாசப் புத்தகத்துப் பக்கம், பைண்டுப் பக்கம், வழக்கு எண், தேதி. மேல ஒரு சீட்டு. அதை நான் மனப்பாடமாவே சொல்லுவேன்: “சார், எல்லாத்தையும் சரிபார்த்துட்டேன். இதைத் தனியா அச்சடிச்சு அனுப்பினா குழப்பம் தீந்துரும். உங்க பேர்லயே போடுங்க. என் பேர் வழக்கம்போல வேண்டாம்.”

வழக்கம்போலயாம். பாத்தீங்களா, எம்புட்டுக் கொழுப்பு. அவளுக்கு என்ன அக்கறை? கயல்லயும் ரெண்டு பக்கத்தைப் போட அவளுக்கு வேணும். தன் யாபாரத்துக்குச் செஞ்சா. கிருபாகரன் ஐயாகிட்ட நல்ல பேரு வாங்கச் செஞ்சா. எனக்காகச் செய்யல. செஞ்சிருக்க மாட்டா.

நாலு நாள் ஒரு வேலையும் பார்க்கல. ரெண்டு புத்தகத்தையும் விரிச்சு வச்சுக்கிட்டு அதுல தப்புத் தேடுனேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைச்சாப் போதும், கிழிச்சுப் போட்டுறலாம். நாலாவது நாள் ஒண்ணு மாட்டுச்சு. சந்தோசத்துல இந்திராணியைக் கூப்பிட்டேன். அவ வந்து நின்னா. திருப்பிப் பார்த்தா, அது மாசப் புத்தகத்துல நான் விட்ட தப்பு. அந்தப் புள்ள அதைச் சரிபண்ணித்தான் போட்டிருக்கா. இந்திராணி அடுப்படிக்குப் போயிட்டா. அவ ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வேற வழி இல்ல. அச்சடிச்சேன். ‘தவமணி ஒப்பீட்டு அட்டவணை’ன்னு போட்டேன். உங்க பேர்லயே போடுங்கன்னு அவதான சொன்னா? சந்தாதாரர், சந்தா நின்னவரு எல்லாருக்கும் இனாமா அனுப்புனேன்.

மாட்டுத்தாவணி தாண்டியாச்சு. இன்னும் பத்து நிமிசம்.

தம்பி, இனிமே சொல்றதைக் கேளுங்க. ஒரே மாசம். கோர்ட்ல மறுபடி திரட்டைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாய்ங்க. அதை விட, ‘தவமணி அட்டவணைப்படி’ன்னு சொல்றாய்ங்க. முன்னாடியெல்லாம் புத்தகப் பேரைத்தான் சொல்லுவாக, இப்ப என் பேரையே சொல்றாய்ங்க. போன வாரம் ஒரு ஜட்ஜ் ஐயா, இப்படி ஒரு வேலையைப் பொறுமையா உக்காந்து செஞ்சவரைப் பாராட்டணும்னு ஹால்ல வச்சுச் சொன்னாரு. நான் கடைசி பெஞ்சுல இருக்கேன். எல்லாரும் திரும்பிப் பார்க்குறாய்ங்க. கிருபாகரன் ஐயா வெளிய வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. “உனக்குத் தலை இருக்குடா தவமணி.” சொல்லிட்டாரு தம்பி. இத்தனை வருசம் கழிச்சு அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாரு.

அவ பக்கத்துலதான் நின்னா. ‘நல்லா வந்திருக்கு சார்’னு மட்டும் சொல்லிட்டு, ஐயா பையை வாங்கிக்கிட்டுப் போனா. ஒரு வார்த்தை, இது நான் செஞ்சதுன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அதுக்குக்கூட எடம் குடுக்கல.

இப்ப ஹால்ல என் பேரைச் சொல்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது. ஊர்ல மத்தவன் பேரைக் கேட்டுத்தான வயிறு எரியணும்? எனக்கு என் பேரைக் கேட்டே எரியுது. நாலு தடவை, அஞ்சு தடவை. போகாம இருந்துறலாம்னு பார்த்தா, காலையில காலு தன்னால பஸ்ஸுக்கு வந்துருது. போய் உக்காந்து கேட்டுட்டு வாரேன்.

எந்திரிங்க, நம்ம ஸ்டாப்பு. கோட்டை மறந்துறாதீங்க. நான் இப்படி எத்தனையோ பேருகிட்டப் பேசியிருக்கேன், அந்த அட்டவணை யாரு செஞ்சதுன்னு ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏதோ வாய் தவறி வந்துருச்சு. உள்ள போய் யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க தம்பி. சொன்னீங்கன்னா அந்தப் பேரும் அவளுக்குப் போயிரும்.